நாற்பது அங்குலம்

அந்தச் சொல் எனக்கு ஒரு பெட்டிக்குள் வந்தது.
மூன்றடி நீளம், பதினொரு இறாத்தல்,
பொலித்தீன் பையில் திருகாணிகள்,
நாலு மொழியில் விளக்கத் தாள், தமிழ் இல்லை.
"பனிக் பார்" என்றான் டுவார்ட்டே.
"நிலத்திலிருந்து நாற்பது அங்குலம்.
கூட்டியும் போடாதே, குறைத்தும் போடாதே."
ஸ்காபரோவில் அது பெப்ரவரி.
பனிக்காலத்துக் கம்பி என்று நினைத்துக்கொண்டேன்.
கொப்பியிலும் அப்படித்தான் இருக்கிறது:
பனிக் கம்பி, கதவுக்கு ஒன்று.

ஏழு பள்ளிக்கூடம், இரண்டு கல்யாண மண்டபம்
பூட்டி முடித்த பிறகுதான் விளங்கியது.
குளிருக்கு அல்ல, கூட்டத்துக்கு.
நெருப்பென்று ஒருவன் கத்தினால்
கைபிடி எந்தப் பக்கம் திருகும் என்பது
கைக்கு மறந்துபோகும்.
வயிற்றுக்கு மறக்காது.
அதனால் வயிற்றின் உயரத்தில் ஒரு கம்பி.
மேலே விழுந்தாலும் திறக்கும்.
பின்னால் நிற்பவன் நெரிக்க நெரிக்கத் திறக்கும்.
இதைச் செய்தவன்
எங்கேயோ ஒரு கதவைப் பார்த்திருக்கவேண்டும்.
நானும் பார்த்தேன்.
உள்பக்கம் திறக்கிற கதவு, இருநூறு பேர்.
இதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன்.

இந்த ஊரில் சொல் மலிவு.
போனில் நாலு வீதம் சார்ஜ் என்றால் பனிக்.
புயல் வருகிறதாம், தண்ணீர்ப் போத்தலுக்குப் பனிக்.
பத்து நிமிடம் பிந்திப் போனால்
"நோ பனிக்" என்று கோப்பியை நீட்டுகிறான் டுவார்ட்டே.
வாங்கிக் குடிக்கிறேன்.
ஒன்றைத் தூக்கிப் பிடித்தால் பதினொரு இறாத்தல் என்று
அவனுக்குத் தெரியாததா?

மகள் யதுர்ஷிக்கு எழுத்துக்கூட்டல் சோதனை.
"இறந்தகாலத்துக்கு ஒரு கே கூட வரும் அப்பா.
நடந்துகொண்டிருந்தாலும் வரும்."
பனியும் காலமும் சேரும்போது
நடுவில் ஒரு க் முளைக்கிறதே, அதுபோலத்தான் பிள்ளை.
முடிந்துபோனதைச் சொல்லவும்
இன்னும் முடியாததைச் சொல்லவும்
இன்னொரு வல்லினம் தேவைப்பட்டிருக்கிறது
வெள்ளைக்காரனுக்கும்.

பிறகு ஒருநாள் நானூற்று ஒன்றில்,
கென்னடி இறக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால்,
மூன்று லொறிகளுக்கு நடுவில் வான் நின்றபோது
நெஞ்சு
உள்பக்கமாகத் திறக்கப் பார்த்தது.

டொக்டர் மகலோனா கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள்.
"அந்தரமா இருந்தது எண்டு சொல்லு."
அவளுக்கு அந்தரம்
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த ஆகாயம்.
"அப்பா காற்றில் தொங்கினாராம்" என்றாள்.
தலைசுற்று என்று எழுதினார் டொக்டர்.
பிழை என்று சொல்ல வாயெடுத்தேன்.
பிழையா அது?
பதகளிப்பு என்று மாற்றிச் சொன்னேன்.
அதற்கு அவளிடம் ஒன்றுமில்லை.
என் கையைத் தூக்கி மேசையில் வைத்தாள்.
அது அங்கே கிடந்து ஆடியது,
மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
டொக்டர் முதல் சொல்லை வெட்டிவிட்டு
எனக்குப் பழக்கமான சொல்லை எழுதினார்.
பக்கத்தில் இன்னொன்று: அட்டாக்.
மாதத்தில் எத்தனை தடவை என்று ஒரு கட்டம்.
இதற்குக் கம்பி எந்த உயரத்தில் என்று
நான் கேட்கவில்லை.

நேற்று மல்வேர்னில் ஒரு நீச்சல்குளக் கட்டடம்.
பின்கதவு. அளந்து, துளைத்து, பூட்டி,
இடுப்பால் ஒரு தட்டு.
அப்படித்தான் சோதிப்பது,
கூட்டத்துக்குக் கை கிடையாது.
கதவு வெளியே போய் விழுந்தது.
முழங்கால் அளவு பனி, ஒரு சிவப்பு வாளி,
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.
மணி கீச்சிட்டுக்கொண்டே இருந்தது.
சூடெல்லாம் போகிறது, மூடு, மூடு என்று
உள்ளேயிருந்து டுவார்ட்டே.

கேட்டது.
கொஞ்சம் நின்றேன்.