சனிக்கிழமை, ஆறாம் மாடி

சனிக்கிழமைகளில்
சுகிர்தாவின் வீட்டைத் திறந்துவிடப் போவேன்.
வெள்ளவத்தை, ஆறாம் மாடி, லிப்ட் பாதி நாள் வேலைசெய்யாது.
குழாய்களை ஐந்து நிமிசம் ஓடவிடவேண்டும்.
முதலில் துரு, பிறகு தண்ணீர்.
டொய்லெட்டில் ஒருதரம் சும்மா அடித்துவிடவேண்டும்.
எல்லாம் அவள் குரல்பதிவில் சொன்னதுதான்,
பின்னால் கோப்பை கழுவும் சத்தம்,
ஸ்டுட்கார்ட்டில் காலை ஏழு மணி,
வேலைக்கு வெளிக்கிடும் அவசரம்.

போன லீவுக்கு மிலான். இந்தமுறை பிராக்.
கோபுரங்களைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது
அவர்கள் காரின் பின்சீற்:
ரைஸ்குக்கர், இடியப்ப மா, ஒரு போத்தல் மிளகாய்த்தூள்,
நிருத்தனின் நீட்டிய கால்.
"ஹோட்டல் யன்னலைத் திறந்துபோட்டுக் கருவாடு பொரிச்சனாங்கள்"
என்று எழுதியிருந்தாள்.
அடுத்த வரியில்,
"அவர் நேற்று வழியெல்லாம் கதைக்கேல்லை.
ஐந்நூறு கிலோமீற்றர்."

என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
கடல்பக்கக் கதவைத் தள்ளினேன்.
கொளுக்கி உப்பில் இறுகியிருந்தது,
தோளால் இடிக்கவேண்டி வந்தது.
கீழே மரைன் டிரைவ், தண்டவாளம்,
பாணந்துறைக்குப் போகிற ரயிலின் வாசலில்
தொங்கிக்கொண்டு ஆட்கள்.
மூன்று வருசமாகியும் மெத்தையின் பொலித்தீன் கழற்றவில்லை.
அதன்மேல் இருந்தேன். சரசரத்தது.

துரு நின்றபின்னும்
குழாயைப் பூட்டவில்லை.
அந்தச் சத்தத்தை மட்டும் பதிந்து
அனுப்பினேன்.

பிராகில் இரண்டு நீலக் குறி.
நெடுநேரம் கழித்து,
"உது எங்கட வீடோ?"

பிறகு,
"தண்ணி பில் கூடப்போகுது, பூட்டு."