பத்து நிமிடம் முந்நூறு ரூபா

கொழும்பிலிருந்து முகவர் கேட்கிறார்:
திருகோணமலைக்கு எத்தனை அனுப்ப?
ஓடுமா, ஓடாதா?
பின்னேரம் ஐந்து மணிக்குள் சொல்லவேண்டுமாம்.

என்.சி. வீதியில் என் கடை.
சிம் அட்டை, ரீலோட், உடைந்த போனுக்கு மாற்றுத் திரை.
கண்ணாடி அலுமாரியில் சார்ஜர் வயர்களுக்கு நடுவே
ஒரேயொரு வீஆர் பெட்டி.
கட்டாரிலிருந்து வந்த கிருபைநாதன்
ஓட்டோவுக்கு லீசிங் கட்ட வழியில்லாமல்
என்னிடம் விற்றுவிட்டுப் போனது.
ஏழு மாதமாக வாடகைக்கு விடுகிறேன்.
கணக்குக் கொப்பி இருக்கிறது.
கொப்பியில் ஏறாததுதான் கூட.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில்
போட்ட மூன்றாம் நிமிடமே வில்லையில் ஆவி.
நெற்றியில் பதியும் பஞ்சில்
வேர்வை, நல்லெண்ணெய், திருநீறு,
ஒருமுறை யாரோ அப்பியிருந்த தலையிடித் தைலம்.
ஆளுக்கு ஆள் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறேன்.
புவனலோஜினி ரீச்சரின் கொண்டைக்கு மேல் பட்டி ஏறாது.
நஸ்மியாவின் முக்காட்டில் வழுக்கும்.
மூக்குக் கண்ணாடி போட்டவருக்கு
ஒன்றைக் கழற்றினால் மற்றது தெரியாது.
இதைச் செய்தவன்
குளிரூட்டிய அறையில் ஒரு மொட்டைத் தலையைப் பிடித்து
அளவெடுத்திருப்பான்.

அன்ரன் வந்தான், ஆழ்கடலைக் காட்டு என்றான்.
காட்டினேன்.
திமிங்கிலம் ஒன்று அவன் மூக்குக்கு நேரே
திரும்பிப் படுத்தது.
கழற்றிவிட்டுச் சொன்னான்:
"மணமில்லை. வள்ளம் ஆடேல்லை.
சத்தி மட்டும் வருது."
இருபத்தாறு வருசம் கடலுக்குப் போகிறவன்
என் வாசற்படியில் குந்தி
அரைமணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

போட்டதும் கருவி முதலில் கேட்பது எல்லையை.
தரையில் உன்னைச் சுற்றி நீயே கோடு கீறவேண்டும்.
அதற்குள் நின்றால்தான் உலகம் திறக்கும்.
காலைத் தாண்டி வைத்தால்
நீல நிறத்தில் கம்பிவேலி எழும்பும்.
வேறு ஊர்களில் இதை விளங்கப்படுத்த நேரமெடுக்குமாம்.
இங்கே ஒருவரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.
சம்பூர்ப் பக்கத்து ஆள் ஒருவர்
கோடு கீறச் சொன்னதும்
கீறாமலே கழற்றித் தந்தார்.
காசை நீட்டினேன். வாங்கவில்லை.

போன் வந்தபோதும் சிரித்தார்கள்தானே
என்கிறார் முகவர்.
உண்மை. நானும் சிரித்தவன்.
செங்கல் போல ஒரு போனை மீன்சந்தைக்குக் கொண்டுவந்தவனை
துறைமுகம் வாங்கியவன் மாதிரிப் பார்த்தோம்.
ஆனால் நாலுபேர் சுற்றி நின்று பார்த்தோம்.
ஒருவர் "ஹலோ" சொல்ல
மற்றவர் அதே போனில் காதை ஒட்டினோம்.
இதைப் போட்டவருக்கு
முகத்தில் மிச்சம் வாய் மட்டும்தான்.
அது எதற்கோ தனியாகச் சிரிக்கிறது.

போன கிழமை வத்சலாவும் புருசனும் வந்தார்கள்.
மகள் ஸ்காபரோவில் வாங்கிய வீட்டை
முழுவட்டமாகப் படமெடுத்து அனுப்பியிருந்தாள்.
வத்சலா போட்டுக்கொண்டு
குசினித் தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தார்.
குளிர்பெட்டியைத் திறக்கக் கை நீட்டி
போன் உறைகள் அவ்வளவையும் தட்டி விழுத்தினார்.

அந்த நேரம் கரன்ட் போனது.
மின்விசிறி நின்றது, வீதி இருண்டது,
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
வாசலில் நின்று பழைய பில் கட்டை முகர்ந்தது.
பெட்டிக்கு பேட்டரி இருந்தது.
ஊர் இருண்டது அவருக்குத் தெரியாது.

"இஞ்ச ஒருக்கா வாங்கோவன்," என்றார்,
"இந்த யன்னலைப் பாருங்கோ."

பக்கத்துக் கதிரையில் இருந்த மனுசன்
அந்த விரல் நீண்ட திசையில்,
என் இரும்பு ஷட்டரை,
இருட்டுக்குள் கொஞ்சநேரம் பார்த்தார்.
"ம்," என்றார்.
"நல்ல பெரிய யன்னல்."

ஐந்தடிக்க மூன்று நிமிடம்.
முகவர் எடுக்கிறார்.
இரண்டு அனுப்புங்கோ என்கிறேன்.
இருபதா, என்கிறார்,
தொடர்பு சரியில்லை.
இரண்டு.