இரண்டு செங்கல்

புரொஜெக்டர் கொண்டுவந்திருந்தார் நர்ஸ் ஹெப்சிபா,
குன்னூரிலிருந்து, முதல் பஸ்ஸில்.
அரவேணுவில் மரம் விழுந்து
கோத்தகிரி முழுக்கக் கரண்ட் இல்லை.
"சரி, கண்ணால பாக்க வேணாம், வாயால படிப்போம்" என்று
சமையலறைக்குள் போய்
ஒரு குண்டா தயிர்சாதத்தோடு வந்தார்.

இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்தோம்.
எனக்கு ஊட்ட வந்தவன் சகாயம்.
நான் பேசக் கூடாது, கையை அசைக்கக் கூடாது,
தலையை அண்ணாந்து வைத்துக்கொள்ள வேண்டும்,
ஜோகிக்கு நான் வைப்பதைப் போலவே.
முதல் கரண்டி இறங்குமுன் இரண்டாவது.
மூன்றாவதில் புரை ஏறியது.
சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்,
மூக்கில் தயிர்.
"இந்த வருஷம் உங்க விடுதியில எத்தனை பேருக்கு நிமோனியா?"
என்று மட்டும் கேட்டார் ஹெப்சிபா.
சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.
ஜன்னலில் மஞ்சு தவிர ஒன்றுமில்லை.

பிறகு சாவிக்கொத்து.
வலிப்பு வந்தால் கையில் திணிப்பதற்கென்றே
ஆணியில் தொங்கும் பழைய ஃபேக்டரிச் சாவிகள்,
எந்தப் பூட்டுக்கும் சேராதவை.
அதைக் கழற்றிவிட்டு அதே ஆணியில்
தன் கைக்கடிகாரத்தை மாட்டினார்.
ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் வைக்காதே.
மணி பார். ஐந்து நிமிஷம் தாண்டினால் வண்டியைக் கூப்பிடு.
"இரும்பு இல்லேன்னா எப்படி நிக்கும்?" என்றாள் மாதியம்மா.
"பெரும்பாலும் அதுவா நிக்கும்கா. நிக்கலேன்னா, அதுக்குத்தான் மணி."
மாதியம்மா கொத்தை எடுத்து
இடுப்பில் செருகிக்கொண்டாள், எதற்கும் இருக்கட்டுமென்று.

மத்தியானம் பதிவேட்டைக் கேட்டார்.
இரவு வேலை என்னுடையது, கையெழுத்தும்.
சத்தமாக வாசிக்கச் சொன்னார்.
'ஜோகி, 2.10, அடம்.'
'ஜோகி, 1.45, அடம். தலையைக் கட்டிலில் இடித்தான்.'
'ஜோகி, 2.30, அடம். தலையணை உறை மாற்றப்பட்டது.'
பதினோரு பக்கம்.
ஏழாவது பக்கத்தில் என் குரல் இறங்கிவிட்டது.

"உறையை ஏன் மாத்தினீங்க யோகராணி?"
"புளிச்ச வாடை மேடம்."
"தினமுமா?"
"தினமும்தான்."
"ராத்திரிச் சாப்பாடு எப்போ?"
"எட்டு மணி. எட்டே காலுக்குப் படுக்க வெச்சிடுவோம்,
ஷிப்ட் மாறணுமில்ல."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
சொன்னது எனக்கே கேட்டது.

நாற்பத்து நான்கு வயது ஜோகிக்கு.
'தண்ணி' என்பான், 'பஸ்' என்பான்.
வலி என்று சொல்ல அவனிடம் நெற்றி ஒன்றுதான் இருக்கிறது.
எனக்கு நெஞ்சு எரிந்தால் ஒரு வார்த்தை போதும்,
மருந்துக் கடைக்காரர் மாத்திரையை எடுத்து நீட்டுவார்.
எத்தனை உறை துவைத்திருப்பேன்.
இந்த மழையில் எதுவும் காய்வதில்லை,
அடுப்புக்கு மேலே கொடி கட்டி
அவனைத் திட்டிக்கொண்டே காயவைத்தேன்.
அவன் தொண்டையை அரித்துக்கொண்டு மேலேறி வந்ததை
சோப்புப் போட்டு அலசியிருக்கிறேன்.

புதன்கிழமை டாக்டருக்குச் சீட்டு எழுதித் தந்தார் ஹெப்சிபா.
"எனக்கு இருக்கிறது சந்தேகம்தான்,
டியூப் விட்டுப் பாக்கிறவங்க சொல்லட்டும்."
கடிகாரத்தை மறந்துவிட்டு
நாலு மணி பஸ்ஸுக்கு ஓடினார்.

அன்று ராத்திரி நானும் சகாயமும்
விறகுக் கொட்டகையிலிருந்து செங்கல் இரண்டு எடுத்துவந்து
கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கொடுத்தோம்.
ஏழுக்கே சாப்பாடு. பத்து வரை நாற்காலி.
சரிந்த கட்டில் ஜோகிக்குப் பிடிக்கவில்லை.
இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு
'பஸ்' என்றான்.
"ஆமா, பஸ்தான். வளைவு வருது, படு."

இரண்டு பத்துக்கு விழித்திருந்தேன்,
அவன் நெற்றிக்கும் சட்டத்துக்கும் நடுவே
உள்ளங்கையை வைத்துக்கொண்டு.
கை மரத்துப் போனது.
மூன்றே முக்காலுக்கு எழுந்து
என் மணிக்கட்டைக் கிள்ளினான், எப்போதும் போல.

ஆணியிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து மணி குறித்தேன்.
'அ' என்று தொடங்கி, அடித்துவிட்டு:

'3.45. எழுந்தார். இடிக்கவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.
உறை காய்ந்திருக்கிறது.
ஒரு ராத்திரிதான். இன்னும் தெரியாது.'