மாறாக

என் மேசைக்கு அடியில் ஓடுகிறது
பூப்பந்து ஆடுகளத்தின் மஞ்சள் கோடு.
இடதுகால் ஆட்டத்துக்குள்,
வலதுகால் வெளியே.
எண் எழுபத்து நான்கு.
சுற்றிலும் பதினாறு வயதுகள்,
பேனா மூடியைக் கடிக்கும் பற்களில் கம்பி.
எனக்கு நாற்பத்து மூன்று.
எத்தனை எலுமிச்சை தேய்த்தும் விரல்களில்
நேற்றைய ஷிஃப்டின் ஹேடக் மீன்.

*இரு கவிஞர்களும் கடலைக் காட்டும் விதத்தை
ஒப்பிட்டு விளக்குக.*
ஐம்பது நிமிடம். முப்பது மதிப்பெண்.

மாலை வகுப்பில் கேலம் சொல்லியிருந்தான்
(நான் பள்ளியை விட்ட வருடம் பிறந்த என் மகனைவிட
இரண்டு வயது சின்னவன்):
யாரைப் பிடிக்கும் என்று எழுதாதீர்கள்.
பிடித்தத்துக்கு மதிப்பெண் கிடையாது.
'அதேபோல்', 'மாறாக'
இரண்டையும் பத்திக்கு ஒருமுறையாவது போடுங்கள்,
உப்புப் போல.

போடுகிறேன்.
ஆல்பன் ஸ்கெரோவின் கடல் ஆண்பிள்ளை.
தோள் தட்டி வருகிறது, கதவை உடைக்கிறது,
ஓர் அலைக்கு ஏழு உவமை.
மாறாக,
ஹெஸ்டர் விங்கேட்டின் கவிதையில் கடலே இல்லை.
ஓர் அலமாரி இருக்கிறது. அதன்மேல்,
காற்றடிக்கும் இரவில், விளிம்பை நோக்கி
மெல்ல நகரும் ஒரு கெட்டில்.
பதினோரு வரியும் நகர்கிறது.
விழுவதில்லை.

ஸ்கெரோ குன்றின்மேல் வீடு வைத்திருந்தவர்.
'குளிர்' என்று நான்கு இடத்தில் சொல்கிறார்.
திரும்பக் கூறல், அழுத்தம் தருவதற்காக
என்று எழுதி அடிக்கோடிட்டேன்.
ஐஸ் தொட்டியில் முழங்கைவரை கைவிட்டவள் யாரும்
ஒருமுறைகூட அதைச் சொல்லமாட்டாள்.
அதை எழுதவில்லை.

இதையும் எழுதவில்லை:
ஜனவரி முழுக்க எனக்குப் பிடித்தவர் ஸ்கெரோதான்.
பேருந்தின் மேல்தளத்தில், கண்ணாடியில் மூச்சுப் படிய,
அவருடைய இடிகளை
உதடு அசையாமல் சொல்லிப் பார்ப்பேன்.
அவ்வளவு பெரிய சொற்கள்
அதற்குமுன் என் வாய்க்குள் வந்ததேயில்லை.

கண்காணிப்பாளர் ஓட்லிங் நடக்கிறார்,
ரப்பர் காலணி கீச்சிட.
இன்னும் இருபது நிமிடம்.

இருவர் கடலும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகின்றன:
போனவரைத் திருப்பித் தருவதில்லை.
'அதேபோல்' என்று தொடங்கி
பேனா நின்றுவிட்டது.

டாரல் பதினெட்டு வருடம் போய்வந்தான்.
நார்வேக்கு அப்பால்வரை.
ஒவ்வொரு முறையும் கடல் அவனை
ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தது,
தாடியோடு, துவைக்காத மூட்டையோடு.
கொண்டுபோனது சாலை.
ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளை வேன்,
முன்சீட்டில் பிங்கோ ஹால் ஜானின்.
கிரிம்ஸ்பியில் அன்று இலைகூட அசையவில்லை.
கெட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது.

இதற்கு இருவரிடமும் ஒரு வரி இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

எடை போடத் தெரிந்தவள்தான் நான்.
தட்டில் மீனைப் போட்டால் முள் கொஞ்சம் நடுங்கும்,
பிறகு நிற்கும், எழுதிக்கொள்வேன்.
இங்கே நிற்கிற மாதிரி இல்லை. மணி ஆகிறது.
முடிவுரை:
*இருவரும் தத்தம் வழியில் சம அளவில் வெற்றி பெறுகின்றனர்.*
முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்ததில்
தாள் ஓட்டையானது.

வெளியே சைக்கிள் கொட்டகையில்
எழுபத்தைந்தாம் மேசைப் பெண் சூயிங்கம் நீட்டினாள்.
"யாரு ஒசத்தின்னு எழுதினீங்க?"
"சமம்னு."
"நானும்." கொஞ்சம் மென்றாள்.
"பொய்தானே?"
"பொய்தான்."
யாரென்று அவள் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட்.
புதிதாய்ச் சேர்ந்த பையனுக்குப்
பெட்டியில் கலந்து வந்ததைப் பிரிக்கத் தெரியவில்லை.
இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன்.
பார், காட் மீனுக்குத் தோளில் எதுவும் இல்லை.
ஹேடக்குக்கு, மாறாக,
இதோ, கட்டைவிரல் அழுத்தினாற்போல ஒரு கறுப்பு.

"மாறாகவா?" என்றான் பையன்.