ஆறரை அங்குலம்

எட்டு அங்குலம் வேண்டும் என்று ஆசை.
கதவு ஆறரை என்றது.
கண்ணாடியை முழுக்க இறக்கி
அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தேன்:
காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில்
ஒரு சுண்டுவிரல் மிஞ்சும்.
ஆசையைத் திருப்பி அனுப்பிவிட்டு
அடங்குவதை வாங்கினேன்.

பீல் நகரம். ரயில் பாதைக்குப் பின்னால்
எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடம்.
பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை சத்தம் கூடாது,
ஞாயிறென்றால் ஆணியே கூடாது.
அறிவித்தல் இரண்டு மொழியில் ஒட்டியிருக்கிறது,
இரண்டிலும் ஆச்சரியக்குறி.
இன்று சனி.

காலை நாலரைக்கு நான் வேலைக்குக் கிளம்புவேன்,
சொலத்தூர்னில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
ஆரே ஆற்றோடு போகிற இருட்டில்
இருபத்திரண்டு நிமிடம் தவில் கேட்பேன்.
பழைய ஸ்பீக்கரில் வலந்தலை மட்டும் வரும்,
கூடு மாட்டிய விரல்கள், தகரத்தில் மழை.
கழி விழுகிற பக்கம் வரவே வராது.
ஒற்றைக் கையால் எத்தனை நாள்தான் வாசிப்பார் என்று
அந்த மனிதர் மேல் இரக்கமே வந்துவிட்டது.

"டிக்கியிலை ஒரு பெட்டியை வை அக்கா,
ரோட்டே நடுங்கும்."
தம்பி நிமலரூபன்.
ரோடு நடுங்கி எனக்கு என்ன?
டிக்கியில் அரிசி மூட்டை வரும்.
ஸ்டியரிங் பிடித்திருக்கிற எனக்கு
நெஞ்சுக்கூட்டுக்கு நேரே கழி விழுந்தால் போதும்.

சீட்டுக்காசு விஷயத்தில்
எட்டு மாதம் பேசாதிருந்தவன்,
கதவு கழற்ற ஆள் வேண்டும் என்றதும்
சாவிப்பெட்டியோடு வந்து நின்றான்.
காசைப் பற்றி அவனும் கேட்கவில்லை.

கதவின் தோலை உரித்தோம்.
ஒன்பது கிளிப்பில் மூன்று உடைந்தது.
உள்ளே முந்திய சொந்தக்காரரின்
ஐந்து ராப்பன் காசு, ஒரு பல்லுக்குத்தி.
வெறும் தகரத்தைத் தட்டினால் பிஸ்கட் டின்.
தார்த்தாளை உருளையால் அழுத்தி அழுத்தி ஒட்டி
மறுபடி தட்டினால் பலகை.
தேங்காய்க்குத் தட்டுகிற அதே விரல்தான்.

ஓட்டுகிற பக்கம் நான். மற்றப் பக்கம் அவன்.
ஒருவர் கதவை ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை.

போட்டோம்.
தவிலைக் காணோம்.
அவன் பக்கம் மட்டும் விட்டால், இருக்கிறது.
என் பக்கம் மட்டும் விட்டால், இருக்கிறது.
இரண்டும் சேர்ந்தால்
அட்டைப்பெட்டியில் கொட்டுகிற சோளம்.

ஒன்று வெளியே தள்ளும்போது
மற்றது உள்ளே இழுக்கிறது.
கோடு போட்ட வயர் பிளஸ் என்று
எங்களில் ஒருவர் நினைத்திருக்கிறோம்.
மற்றவர் மைனஸ் என்று.
யாராவது ஒருவர் மாற்றினால் சரி.
யாராவது.

அவன் தண்ணீர் குடிக்க மேலே போன நேரம்
என் கதவின் வயர்களைச் சத்தமில்லாமல் மாற்றினேன்.
பிறகு நான் தேத்தண்ணி ஊற்றப் போய் வந்தேன்.
போட்டோம்.
அதே சோளம்.

"நீ மாத்தினனியோ?"
"ஓம். நீ?"
"நானும்."

சிரிப்பு தூண்களில் பட்டுத் திரும்பி வந்தபோது
எது யாருடையது என்று தெரியவில்லை.

"இனி நீ கையை மடியிலை வை."
டிவி ரிமோட்டின் பேட்டரியைக் கொண்டுவந்து
தன் பக்கத்து வயரில் தொட்டான்,
கூம்பு வெளியே எட்டிப் பார்த்தது.
என் பக்கத்தில் தொட்டான்,
மூச்சை உள்ளே இழுத்தது.
அப்படியென்றால்
முதலில் நான் பூட்டியதுதான் சரி.
அதை நான் சொல்லவில்லை.
அவனும் கணக்குத் தெரிந்தவன்.

மாற்றிப் போட்டோம்.
கழி விழுந்தது.
தொடையில், கதவில்,
டாஷ்போர்டில் ஆறிக்கொண்டிருந்த
தேத்தண்ணியின் வட்டத்தில்.
அந்த மனிதருக்கு இடது கை இருந்தது.

கூடவே எங்கேயோ ஒரு கிலுகிலுப்பு.
"உன்ரை பக்கம்" என்றான்.
"உன்ரை பக்கம்" என்றேன்.
பன்னிரண்டுக்கு இன்னும்
நான்கு நிமிடம் இருந்தது.