வரிசை எண் பதினாறு

மூக்கையூர்ப் பள்ளிச் சுவரில்
மாதிரி வாக்குச்சீட்டை ஒட்டிவிட்டுப் போனார்கள்.
பசை காயுமுன்
உப்புக்காற்று ஒரு மூலையைத் தூக்கிவிட்டது.
அந்த மூலையில்தான் இருந்தேன் நான்.

மூன்றாவது வரியில் அ. வியாகுலதாஸ்.
கட்சி உண்டு, கொடி உண்டு,
சாயல்குடி வரைக்கும் சுவரெல்லாம் சிரிப்பு உண்டு.
பதினைந்தில் ச. வியாகுலதாஸ்,
தொண்டிப் பக்கம் ஐஸ் வண்டி ஓட்டுகிறவராம்.
மனுத்தாக்கல் அன்றுதான் பார்த்துக்கொண்டோம்.
பெயரைச் சொல்லாமலே கும்பிட்டுக்கொண்டோம்.
பதினாறில் ம. வியாகுலதாஸ்.
பாஸ்புத்தகத்துக்கு எடுத்த படம்,
ஒரு கண் பாதி மூடியிருக்கிறது.

கேட்டு வந்தவர்கள் என்னைக் கேட்கவில்லை,
பெயரைக் கேட்டார்கள்.
ஒரு மாத வாடகைக்கு.
அடகில் கிடந்த என் வள்ளத்து எஞ்சின்
மறுநாள் விடியும்போது வாசலில் கிடந்தது.
வைப்புத்தொகையை அவர்களே கட்டினார்கள்.
முன்மொழியும் பத்துப் பேரையும்
வேனில் அவர்களே ஏற்றி வந்தார்கள்.
அதில் ஒருவர் என்னிடமே கேட்டார்:
"தம்பி, யாரு இந்த வியாகுலதாஸ்?"

சின்னத்துக்குப் பாய்மரப் படகு எழுதிக்கொடுத்தேன்.
நானாகக் கேட்டது அது ஒன்றுதான்.
குலுக்கலில் அது
கடல் பக்கமே வராத ஓய்வுபெற்ற தாசில்தாருக்குப் போனது.
எனக்குக் காலிபிளவர்.
இந்த மணலில் பனை நிற்கும், உடை நிற்கும்.
காலிபிளவர் லாரியில் வந்து இறங்கும் சரக்கு.
பிரகாசியம்மாள் சிரித்த சிரிப்பில்
உலை பொங்கி அடுப்பு அணைந்தது.

பிரச்சார வண்டி எங்கள் தெருவுக்கும் வந்தது:
"மூன்றாவது பொத்தான்! மூன்றாவது பொத்தான்!
போலி வியாகுலதாஸ்களைக் கண்டு ஏமாறாதீர்கள்!"
வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தேன்.
கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில்
அவரைவிட நான்கு வயது மூத்த பெயர் என்னுடையது.
நண்டிடம் சொன்னேன். அது கடித்தது.

ஒரு பெட்டிக்குப் பதினாறு பொத்தான்.
பதினைந்து பேரோடு நின்றிருந்தால்
நோட்டாவும் அதிலேயே அடங்கியிருக்கும்.
பதினாறாவதாக நான் போய் உட்கார்ந்ததில்
அது தெறித்து வெளியே விழுந்தது.
அதற்கென்று தனியே இன்னொரு பெட்டி,
ஒற்றைப் பொத்தானுக்காக,
தொகுதியின் அத்தனை சாவடியிலும்.
பெட்டி இறக்க வந்த ஆள் வியர்வையோடு சொன்னான்:
"எவனோ கடைசி நேரத்துல மனு போட்டிருக்கான்."
"ஆமா" என்றேன்.
மேசையைத் தூக்க ஒரு கை கொடுத்தேன்.

இடது ஆட்காட்டி விரலில் மை.
தங்கூசி அறுத்த வெட்டுக்குள் இறங்கி எரிந்தது.
அட்டை மறைப்புக்குள்
மூன்று தரம் என் பெயர்.
தம் பிடித்து அடித்தரையில் நிற்பதுபோல் நின்றேன்.
எந்த வியாகுலதாஸைத் தொட்டாலும்
யாரையோ ஏமாற்றுவதாகத்தான் பட்டது.
பக்கத்துப் பெட்டியில் அந்த ஒற்றைப் பொத்தான்,
பஸ்ஸில் நான் இடம் பிடித்துக்கொண்டதால்
நின்றுகொண்டே வருகிறவர்போல.
"சீக்கிரம்ணே" என்றது வாசலில் ஒரு குரல்.
அழுத்தினேன்.
கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு
ஏழு விநாடி தொங்கியது, அறுந்து விழுந்தது.
எதுவென்று பிரகாசியம்மாளுக்கும் சொல்லவில்லை.

வெளியே ரொசாரியக்கா, இரண்டு கண்ணிலும் புரை:
"ஒம் பேருக்குத்தான் தம்பி, தேடித் தேடிப் போட்டேன்."
எத்தனையாவது பொத்தான் என்று நான் கேட்கவில்லை.

எண்ணி முடித்தபோது
அ. வியாகுலதாஸ் தோற்றது எண்ணூற்றுப் பன்னிரண்டில்.
எனக்கு விழுந்தது ஆயிரத்து நாற்பது.
ஐஸ் வண்டிக்காரருக்குக் கொஞ்சம் குறைவு.
மறுநாள் எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது.
எனக்குத்தான் பிடிக்கவில்லை.

பிறகு சாவடி வாரியாகக் கணக்கு வந்தது.
மூக்கையூர்ப் பள்ளி: முப்பத்தொன்று.
வள்ளத்தில் உட்கார்ந்து,
எங்கள் ஊரில் கண் நன்றாகத் தெரிகிறவர்களை
ஒவ்வொரு வீடாக
எண்ணத் தொடங்கினேன்.