சிவப்பு முக்கோணம்

பெட்டியின் மூலையில் சின்னதாய் ஒரு சிவப்பு முக்கோணம்.
மருந்துக்கடை ஓட்னி அதன்மேல் நகத்தை வைத்து
"இது என்னவென்று தெரியுமா, குன்வோர்?" என்றாள்.

எனக்கா தெரியாது.
இருபத்தொரு குளிர்காலமாய்
ஃபின்மார்க் மலைச்சாலையில்
பழுதாகி நிற்கும் வண்டிகளின் பின்னால்
பனியில் குத்தி நட்டுவைப்பது அதைத்தானே.
நூறு தப்படி நடந்துபோய்
திரும்பிப் பார்த்து
கண்ணில் படுகிறதா என்று உறுதிசெய்து.

பனிக்கலப்பை ஓட்டுகிறவள் நான்.
விதைக்க ஒன்றுமில்லாத உழவு.
உழுத சால் உழுதபடியே மூடிக்கொள்ளும்.

சனவரியில் ஒருநாள் அலகில் ஏதோ இடித்தது.
கார். கூரைவரை புதைந்த நீலக் கார்.
மண்வாரியால் தோண்டினேன்,
பிறகு கையால்.
உள்ளே யாருமில்லை.
ஓட்டிவந்தவன் முதல்நாள் மாலையே
மலைக்குடிலுக்கு நடந்துபோய்
காப்பி குடித்துக்கொண்டிருந்தானாம்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
அன்றிரவிலிருந்து என் தூக்கம்
அந்தக் கார்க் கதவையே
திறந்து திறந்து பார்க்கிறது.

ஓட்னி விடவில்லை.
படுக்கையில் உட்கார்ந்தபிறகு விழுங்கு,
அடுப்பின்முன் நின்றுகொண்டு வேண்டாம்.
தூக்கம் வரவில்லையென்று இன்னொன்று, கூடவே கூடாது.
பீர் ஒரு மடக்கும் ஆகாது, ஈஸ்டர் என்றாலும்.
நடுராத்திரி எழுந்தால்
காலுக்குத் தரை இருக்கிறதென்று
முதலில் சொல்லிவிட்டு எழு.
சரியாகிவிட்டதென்று நீயாக
ஒரேயடியாய் நிறுத்திவிடாதே.
குறட்டையில் மூச்சு நின்று நின்று வருமா?

"தனியாகப் படுப்பவளிடம் கேட்கிறாயே" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
டாக்டருக்கு ஏதோ எழுதினாள்.

"காலையில் தெளிந்துவிட்டதுபோல் தோன்றும்,
அந்தத் தோன்றலை நம்பாதே."

புயல் நாளில் தடுப்புக்கம்பத்தின் முன்
கண்ணாடியை இறக்கி
ஒவ்வொருத்தரும் சொல்வது இதுதான்:
எனக்கு வழி நன்றாகத் தெரிகிறது, விடுங்கள்.
நான் விட்டதில்லை.

ஐந்து மணி. இருட்டு.
தலை பளிங்காய் இருந்தது.
கெட்டிலை எடுத்துக் காப்பி கலக்கி
ஒரு வாய் குடித்தபிறகு பார்த்தேன்,
பாலைச் சர்க்கரை டப்பாவில் ஊற்றியிருக்கிறேன்.

சாவியை ஐலிவிடம் கொடுத்தேன்.
இருபத்தாறு வயது. பிரேக்கைச் சற்று முன்னதாகவே மிதிப்பான்.
பக்கத்து இருக்கையில் ஏறினேன்,
இத்தனை வருடத்தில் முதல்முறை.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
பின்னால் வரிசையாக ஒன்பது வண்டிகள்,
ஒன்று மீன் லாரி.
அந்த வளைவு வந்ததும்
இங்கேதான் என்று அவனுக்குக் காட்ட வேண்டும்.

கண்விழித்தபோது
மலைக்கு அந்தப் பக்கத்துத் தடுப்புக்கம்பம்.
கன்னத்தில் சீட் பெல்ட்டின் தழும்பு.

"வளைவு எங்கே?"

"அது அப்பவே போச்சே" என்றான்,
கண்ணாடியில் வண்டிகளை எண்ணியபடி.
ஏழு. எட்டு.
மீன் லாரிக்காகக் காத்திருந்தோம்.